பேய்ப்படங்களும் அச்சம் என்னும் மெய்ப்பாடும்



இத்தொடரிலே எனக்கு முன்பு பேசியவர்கள் சங்கச் செய்யுள் பற்றியும், ஈழத்துச் சிறுகதை பற்றியும், நாவலர் பெருமானின் வசனநடை பற்றியும் பேசினார்கள். அவற்றைக் கேட்டுச் சுவைத்த காதுகளுக்கு இன்றைய பொருள் சற்று இடறலாக இருக்கலாம். நான் பேயைப் பற்றிப் பேசப்போகிறேன். திரைப்படத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும் வருகின்ற பேயைப் பற்றி. முதலிலேயே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தந்துவிடுகிறேன்: நான் ஒரு பேய்ப்பட ரசிகன். நல்ல படம், கூடாத படம் என்று பாராமல் பேய் வருகிறது என்றால் உட்கார்ந்துவிடுகிற ரசிகன்.

எங்கள் இந்துக் கல்லூரியின் ஆசிரியர் ஓய்வறையில் எல்லோருக்கும் இது தெரியும். கணிதம் படிப்பிக்கின்ற நண்பர் ஒருவர் என்னைக் கண்டால், "மாஸ்ரர், பகலிலை தொல்காப்பியம், இரவிலை பேய்ப்படமோ?" என்று கேட்பார். இரண்டும் ஒன்றுதான் என்று ஒருநாள் பகிடியாகப் பதில் சொன்னேன். வீட்டுக்குச் சைக்கிளில் வரும்போது யோசித்தேன். முழுப் பகிடி என்றும் தோன்றவில்லை.

உயர்தர வகுப்புக்கு மெய்ப்பாட்டியல் படிப்பித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மெய்ப்பாடு எட்டு என்கிறார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு காரணம் காட்டுகிறார். அச்சத்துக்கு அவர் காட்டும் நான்கில் முதலாவது அணங்கு. பேய், பூதம் முதலியவற்றை உரைகாரர் இதனுள் அடக்குவர். மற்றவை விலங்கும், கள்வரும், தம்மை ஆளுகின்ற இறையும். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, உதாரணம் சொல்லுங்கள் என்றேன். கடைசி வாங்கில் இருக்கும் ஒரு மாணவன், வழக்கமாக வாய் திறக்காதவன், எழுந்து சொன்னான்:

"சேர், இதிலை அணங்கு மட்டும்தான் படத்திலை வருது. மற்ற மூண்டும் செய்தியிலை வருது."

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பிள்ளையின் வார்த்தை என்னை விடவில்லை. நான் வளர்ந்த காலத்தில் அந்த நான்கும் எந்தெந்த வரிசையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தன என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் வந்தது அணங்குதான். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் ஆச்சி. மாலை மங்கிய பிறகு மீன் கறியோ இறைச்சிக் கறியோ ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதென்றால் ஏனத்தின் மேல் ஒரு கரித்துண்டோ இரும்பாணியோ வைக்காமல் ஆச்சி விடமாட்டார். மணத்துக்குப் பேய் பின்னால் வந்துவிடுமாம். பிள்ளைப்பேற்று வீட்டில் கொத்தி நிற்கும், பனங்கூடலில் முனி நிற்கும், புளியமரத்தின் கீழ் நண்பகலிலும் நிற்கக்கூடாது, இரவில் யாராவது ஒருதரம் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓம் போடக்கூடாது. சுடலைப் பக்கம் ஆறு மணிக்குப் பிறகு அவர் போனதே இல்லை. ஆச்சியின் பேய்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. அவற்றுக்கு விலாசம் இருந்தது. இன்ன ஒழுங்கை, இன்ன மரம், இன்ன கேணி என்று சொல்லலாம். இன்றைய படங்களில் வரும் பேய் பெரும்பாலும் ஒரு மாளிகையில் குடியிருக்கிறது. மாளிகையை நான் எங்கே கண்டேன்? அதனால்தானோ என்னவோ, கல்வீட்டுக் கோடிக்குள்ளும் கிணற்றடியிலும் நடக்கின்ற ஒரு காட்சிக்கு நான் பயப்படுகிற அளவுக்கு, ஆயிரம் மெழுகுவர்த்தி எரிகின்ற அரண்மனைக்குப் பயப்படுவதில்லை.

ஆச்சி படம் பார்த்தவர் அல்லர். அவர் பார்த்தது கூத்தும் நாடகமும். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தைக் கோயில் வீதியில் விடியவிடிய இருந்து பார்த்த கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சுடலை காக்கும் அரிச்சந்திரனிடம் பாம்பு தீண்டி இறந்த மகனைச் சந்திரமதி தூக்கிக்கொண்டு வருகின்ற இடம். சுடலைக்குப் பயந்த ஆச்சி அந்தச் சுடலைக் காட்சியில் பயப்படவில்லை. அழுதார். "எல்லாப் பொம்பிளையளும் அழுதவை" என்பார். இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் இதற்கு வருகிறேன்.

அம்மாவின் தலைமுறைக்குச் சினிமா வந்துவிட்டது. சிறுமியாக இருந்தபோது பட்டினத்துத் தியேட்டர் ஒன்றிலே "யார் நீ?" பார்த்துவிட்டு வந்து ஒரு கிழமை தனியே கிணற்றடிக்குப் போகவில்லையாம். 1966 இல் வந்த படம். ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தது. இந்தியில் 1964 இல் வந்த படமொன்றின் தமிழாக்கம். வேதாவின் இசையில் சுசீலா பாடிய பாட்டொன்று அதில் உண்டு. இப்போது கேட்டாலும் ஊசிபோல் குளிரும். ஆனால் அந்தப் படத்தில் கடைசியில் பேய் இல்லை. சொத்துக்காக மனிதர் ஆடிய சூது. அடுத்த ஆண்டு ஏவி.எம். எடுத்த "அதே கண்கள்" படத்திலும் அப்படித்தான், இருட்டில் நிற்பவன் மனிதன். அக்காலப் படங்கள் பலவற்றில் பேய் என்பது கடைசி றீலில் வேஷம் கலைகின்ற ஓர் ஆள். அது ஒரு பகுத்தறிவுக் காலம் என்று விமர்சகர் சொல்லலாம். எனக்கு அது தொல்காப்பியரின் கணக்கிலே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றிப் போடுவதாகப் படுகிறது. அணங்கு என்று பயந்தது கள்வராய் முடிகிறது. இவற்றுக்கு விலக்காக ஸ்ரீதரின் "நெஞ்சம் மறப்பதில்லை" 1963 இல் வந்தது. மறுபிறப்புக் கதை. வின்சென்ரின் கமராவையும், நூறு வயது தாண்டிய கிழவனாக நம்பியார் வருவதையும் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பழிவாங்குவதற்காகச் சாகாமல் இருக்கின்ற மனிதன், செத்த பேயைவிடப் பயங்கரமானவன் என்று அந்தப் படம் எனக்குச் சின்ன வயதிலேயே காட்டிவிட்டது.

நான் முதலில் பார்த்த பேய்ப்படம் இவை எதுவும் அல்ல. 1985 இல் வெளிவந்த "யார்?" என்ற படம், அர்ஜுன் நடித்தது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், எனக்கு ஒன்பது வயதிருக்கும். அரைவாசியில் எழுந்து ஓடிவந்து ஆச்சியின் சேலைத் தலைப்புக்குள் புகுந்துகொண்டேன். மீதி அரைவாசியைப் பார்ப்பதற்கு எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

ஏனென்றால் 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் போயிற்று. அந்த ஆண்டுகளை நேயர்களில் என் வயதினருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்த விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க டைனமோவில் பாடுகின்ற வானொலி. ஊர் முழுவதும் இருட்டு. பேய்க் கதைக்கு இதைவிட வாய்ப்பான காலம் இருக்க முடியுமா? ஆனால் நேயர்களே, அந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கையில் யாரும் பேய் கண்டதாக நான் கேள்விப்படவில்லை. ஆச்சி கதை சொல்வதை நிறுத்திவிட்டார். கரித்துண்டு வைப்பதும் நின்றது. கறி இருந்தால்தானே என்று நீங்கள் கேட்கலாம், அதுவும் சரிதான். இரவில் ஒரு சத்தம் கேட்டால் அது ஹெலியா, பொம்மரா, செல்லா என்று காது பிரித்தறியப் பழகிவிட்டது. பங்கருக்குள் பாம்பு இருக்குமோ என்று பார்க்காமல் குதித்தோம். விலங்குக்குப் பயப்படவும் நேரமில்லை. இறைக்கு அஞ்சி நடப்பது மட்டும் எல்லாப் பக்கமும் இருந்தது. அதை விரிப்பது இன்றைய பொருள் அல்ல.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பக்கமாக நடந்த இரவு. மழை. ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி நானும் அப்பாவும் உருட்டிக்கொண்டு போனோம். தென்மராட்சிக்குள் ஒதுங்க ஓரிடமும் இல்லை. கோயில்கள் நிரம்பிவிட்டன, பள்ளிக்கூடங்கள் நிரம்பிவிட்டன. அடுத்த நாள் இரவு எங்களுக்குக் கிடைத்தது ஒரு சுடலை மடம். கூரை இருந்தது. முன்னால் மழையில் நனைந்த சாம்பல் மேடு. ஆறு மணிக்குப் பிறகு சுடலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஆச்சியை அதற்குள் எப்படிப் படுக்க வைப்பது என்று அம்மா யோசித்தார். ஆச்சி தானே போய்ச் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தார். "இஞ்சை ஒருதரும் வரமாட்டினம். படுங்கோ" என்றார். நான் அவ்வளவு நிம்மதியாக அந்த ஆண்டில் வேறெங்கும் தூங்கவில்லை.

பேய்ப்படம் பார்ப்பதற்கு ஒரு வீடு வேண்டும், பூட்டக்கூடிய கதவு வேண்டும், படம் முடிந்ததும் போடுவதற்கு ஒரு லைற் வேண்டும். 1996 இன் பின் கரண்ட் சிறிது சிறிதாக வரத் தொடங்கியபோதுதான் எங்கள் ஒழுங்கைக்குப் பேய்களும் திரும்பி வந்தன. "யார்?" படத்தின் மறுபாதியையும் பிறகு ஒருநாள் பார்த்தேன். பயமே வரவில்லை. ஏமாற்றமாகக்கூட இருந்தது.

தியேட்டரில் பயந்த அநுபவம் 2005 இல் கிடைத்தது. போர்நிறுத்தக் காலம், கண்டி வீதி திறந்திருந்தது, "சந்திரமுகி" யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதன் மூலம் பாசில் 1993 இல் மலையாளத்தில் எடுத்த "மணிச்சித்திரத்தாழ்". அதில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இரண்டையும் பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரக்கூடாது: எனக்கு மலையாளப் படந்தான் மேல். ரஜினிகாந்தின் படத்தில் பேய் நாயகனுக்காகக் காத்திருக்கிறது. பாசிலின் படத்தில் அந்தப் பெண்ணுக்குள் நடக்கின்ற இருட்டுக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. தியேட்டரில் புது ஒலிபெருக்கி. ஓரிடத்திலே இடிபோல ஒரு சத்தம். எங்களுக்கு முன் வரிசையிலிருந்த சிறுவர்கள் வீரிட்டுக் கத்தினார்கள். என் வயதுக்காரர் எவரும் கத்தவில்லை. குனிந்தோம். நானும் என் பக்கத்து ஆசனக்காரரும் ஒரே கணத்தில் தலையைத் தாழ்த்தி, ஒருவரையொருவர் பார்த்து, வெட்கத்தோடு நிமிர்ந்தோம். அவரை அதற்கு முன் எனக்குத் தெரியாது. இன்றுவரை கண்டால் தலையசைப்பார்.

பயம் கண்ணால் வருவதைவிடக் காதால் வருவதே அதிகம். வானொலியில் பேசுகிறேன் என்பதற்காக முகத்துதி சொல்லவில்லை. ஹிச்கொக் 1960 இல் எடுத்த "சைக்கோ" படத்துக்கு இசையமைத்த பேர்னார்ட் ஹெர்மன் நரம்பு வாத்தியங்களை மட்டுமே கையாண்டார். குளியலறைக் காட்சியில் அந்த வயலின்களை நிறுத்திவிட்டுப் பாருங்கள், பாதிப் பயம் போய்விடும். நம் படங்களில் பலர் இதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, கதவு திறந்தாலும் பூனை பாய்ந்தாலும் ஒரே இடிமுழக்கமாகப் போடுகிறார்கள். அது திடுக்காட்டமே தவிர அச்சமன்று. பின்னால் வந்து "பே" என்று கத்துகின்ற வேலையை என் வகுப்புப் பொடியன்களும் செய்வார்கள்.

இனி, பேயைக் கொண்டு சிரிக்க வைக்கும் படங்கள். ராகவா லோரன்சின் "முனி" 2007 இல் வந்தது, "காஞ்சனா" 2011 இல். சுந்தர் சியின் "அரண்மனை" 2014 இல் தொடங்கி 2024 இல் நான்காம் பாகத்தையும் கண்டுவிட்டது. பேயைப் பகிடியாக்கிவிட்டார்கள் என்று தமிழாசிரியர்கள் கோபிக்கிறார்கள். கோபிக்க நமக்கு உரிமை குறைவு. செயங்கொண்டாரின் பரணியிலே பேய்கள் பசியால் படுகின்ற பாடு நகைச்சுவை அல்லாமல் வேறென்ன? பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய் என்று வரிசையாக வந்து கூழ் கேட்கின்றனவே. ஆனால் அந்தக் கூழ் எதனால் காய்ச்சப்பட்டது, அடுப்புக்கும் பானைக்கும் எவை பயன்பட்டன என்பதை வகுப்பில் விளக்கும்போது எனக்கு இப்போதும் நாக்குத் தடக்குகிறது. செயங்கொண்டார் சிரிக்க வைத்தாலும் அது போர்க்களம் என்பதை மறக்க விடுவதில்லை. "அரண்மனை"யில் எனக்குள்ள குறை அதுதான். சிரிப்பு ஒரு பக்கம் ஓடுகிறது, செத்தவளின் கதை இன்னொரு பக்கம் பத்து நிமிடம் ஓடுகிறது. இரண்டும் சந்திப்பதில்லை. "காஞ்சனா" அப்படியல்ல. சத்தமும் கூத்தும் மிகுந்த படந்தான். எனினும் சரத்குமார் ஏற்ற அந்தத் திருநங்கைப் பாத்திரம், தான் வளர்த்த பிள்ளையை வைத்தியராக்கி, ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய காணியை அதிகாரமுள்ளவன் பறிக்க, கொலையுண்டு, பேயாக வந்து நியாயம் கேட்கிறது. வீதியில் கேலிசெய்து பழகியவர்கள் தியேட்டரில் அவளுக்காகக் கைதட்டினார்கள். இதைச் செய்ய ஒரு கூத்துப் படம் வேண்டியிருந்தது.

பேய் நியாயம் கேட்பது நமக்குப் பழைய வழக்கம். பழையனூர் நீலியை அறியாதவர் யார்? கொன்ற கணவனைத் தேடி வந்து பழிதீர்த்தவள். அவளுக்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதுபேர் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தனர் என்பது கதை. அந்தத் திருவாலங்காட்டிலேதான் காரைக்காலம்மையாரும் பேயுருக்கொண்டு கூத்தப்பெருமானின் அடிக்கீழ் இருந்து பாடினார். ஒரே காட்டில் பழிகேட்கும் பேயும் பாட்டுப்பாடும் பேயும். இந்த இரண்டாவது பேயைச் சினிமாக்காரர் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

நீலியின் வழித்தோன்றலாக நான் கருதுவது 2009 இல் அறிவழகன் இயக்கிய "ஈரம்". சந்தேகத்தால் கணவன் கொன்ற பெண், தண்ணீராக வருகிறாள். கதவிடுக்கில் கசிகிறாள், கண்ணாடியில் ஆவியாகப் படிகிறாள். அவளைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசிய அயலவரையும் அவள் விடவில்லை. பேயைவிட அந்த அயலவரின் பேச்சே எனக்குக் கூடுதலாகப் பயமூட்டியது. நம் ஒழுங்கைகளில் கேட்காத பேச்சா அது! 2012 இல் வந்த கார்த்திக் சுப்புராஜின் "பீட்சா"வும் நல்ல படம். பழைய "யார் நீ?" தந்திரத்தைத் திருப்பிப்போட்டு, களவை மறைக்கக் கட்டிய பேய்க்கதையைச் சொல்லி நம்மை ஏமாற்றி, கடைசியில் கட்டியவனையே இருட்டில் நிறுத்தியது.

தொலைக்காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சன் தொலைக்காட்சியில் 1997, 98 காலத்தில் வந்த "விடாது கருப்பு" தொடரை நம்மில் பலர் அப்போது பார்க்கவில்லை. நான் வெகு காலத்தின் பின் யூரியூபிலே பார்த்தேன். "மர்மதேசம்" வரிசையில், 2024 இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கியது. ஊர்க்காவல் தெய்வமாகிய கருப்பு குதிரையில் வந்து குற்றவாளியைத் தண்டிக்கிறதா, மனித மனத்தின் நோயா என்ற வழக்கு முழுத்தொடரிலும் நடக்கும். நம்புகிறவனும் நம்பாதவனும் சரிசமமாகப் பேச இடம் கொடுத்த தொடர் அது. நம் ஊர் அண்ணமாரையும் முனியப்பரையும் கொண்டு இப்படி ஒன்றை யாராவது எழுதமாட்டார்களா என்று ஏங்கினேன். பின்னாளில் மொழிமாற்றி வந்த நாகினிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தொடர் நாடகத்தையே பேயாக்கிய படம் ஒன்றும் உண்டு. 2009 இல் விக்ரம் குமார் எடுத்த "யாவரும் நலம்". புது வீட்டுக்குக் குடிபோகிறது ஒரு குடும்பம். மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு சீரியல். அதில் நடப்பதெல்லாம் அந்த வீட்டிலும் நடக்கிறது. மாதவனுக்கு மட்டும் மெல்லமெல்ல இது விளங்குகிறது. எங்கள் வீட்டிலும் மாலையில் மாமியாரும் மனைவியும் சீரியலுக்கு முன் அமர்ந்து, அதிலே அழுகின்றவளோடு சேர்ந்து அழும்போது எனக்கு அந்தப் படந்தான் நினைவுக்கு வரும். இருவரிடமும் சொன்னதில்லை.

மாணவன் சொன்ன வார்த்தைக்குத் திரும்புகிறேன். அணங்கு படத்திலே, மற்றவை செய்தியிலே என்றான். 2011 ஓகஸ்ட் மாதத்தில் அவன் தொட்டிலில் இருந்திருப்பான். அந்த மாதம் அணங்கும் செய்தியில் வந்தது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறான் என்று நாடு முழுவதும் கதை. கிறீஸ் பூதம் என்று பத்திரிகைகள் எழுதின. நாவாந்துறையில் மக்கள் திரண்டு வீதிக்கு வந்தார்கள், படையினரோடு மோதல் வந்தது, பலர் கைதானார்கள். பெயரிலே பூதம். வருவது கள்வனைப்போல. துரத்திக்கொண்டு போனவர்களின் சந்தேகமோ ஆயுதம் தாங்கியவர்கள் பக்கம் திரும்பியது. தொல்காப்பியர் வேறுவேறாக வைத்த மூன்றும் ஒரே உருவத்தில் வந்து நின்றன. அந்த மாதம் நான் ஒரு பேய்ப்படமும் பார்க்கவில்லை. வாசல் லைற்றை விடியும்வரை எரியவிட்டோம்.

தமிழில் பேய் வருகின்ற மிகச்சிறந்த காட்சி எது என்று கேட்டால் நான் மணிமேகலையைத்தான் சொல்வேன். சக்கரவாளக் கோட்டம் என்னும் பெருஞ்சுடலை. சார்ங்கலன் என்ற அந்தணச் சிறுவன் வழிதவறித் தனியே அதற்குள் போய்விடுகிறான். பேயொன்று ஒரு பெண்ணின் தலையைக் கையிலேந்தி ஆடுவதைக் காண்கிறான். ஓடிவந்து தாயிடம் பேய் கண்டேன் என்று சொல்லி உயிர்விடுகிறான். இவ்வளவும் எந்தத் திகில் படத்துக்கும் போதும். இன்றைய இயக்குநராக இருந்தால் இந்த இடத்தில் இடைவேளை போடுவார். சாத்தனார் இதற்குப் பிறகுதான் கதையைத் தொடங்குகிறார். தாய் கோதமை, கண் தெரியாதவள். கணவனும் கண்ணற்றவன். இறந்த மகனைத் தழுவி எடுத்துக்கொண்டு அதே சுடலை வாசலுக்கு வந்து சம்பாபதித் தெய்வத்தை அழைத்து வழக்காடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் தா, இவன் தன் தகப்பனைக் காப்பாற்றுவான் என்று கேட்கிறாள். தெய்வத்தால் முடியவில்லை. மகனைக் கொன்ற பேயைப் பற்றி அந்தத் தாய்க்குத் துளியும் பயமில்லை. பயப்படுவதற்கு அவளிடம் இடமில்லை. ஆச்சி மயான காண்டத்துக்கு அழுத கதையைக் குறித்து வைக்கச் சொன்னேன் அல்லவா? இதற்காகத்தான். அச்சத்துக்குப் பக்கத்திலே அழுகை நிற்கிறது. அழுகைக்குத் தொல்காப்பியர் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று இழவு. இழவு தெரியாத பேய்ப்படம் என்னைத் திடுக்கிட வைக்கும், அவ்வளவுதான்.

மிஷ்கின் 2014 இல் எடுத்த "பிசாசு" இழவு தெரிந்த படம். வீதியில் அடிபட்ட பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் வயலின் வாசிக்கும் இளைஞன். அவள் அவன் கையைப் பற்றியபடி இறந்துபோகிறாள். அவனுடைய வீட்டுக்கு வருகிறாள். கெடுதல் செய்ய அல்ல. அவளுடைய தகப்பனாக ராதாரவி. மகளை எரிக்க மனமில்லாமல், ஐஸ் தொழிற்சாலையில் பனிக்கட்டிகளுக்கு நடுவே அந்த உடலை வைத்துக் காவல் இருக்கிறார். பார்த்த பேய்ப்படங்களில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டது இதற்கு மட்டுமே.

2025 இல் அதை நாலாவது முறையாகப் பார்த்தேன். அந்த ஆண்டு செம்மணியிலே, சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு நடந்தது உங்களுக்குத் தெரியும். இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. உடன் எடுக்கப்பட்ட உடுபுடவைகளையும் பொருட்களையும் ஓகஸ்ட் மாதத்தில், அடையாளம் காண்பதற்காக மக்களுக்குக் காட்டினார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமியும் போய்வந்தார். 1996 இல் ஒரு காலை சைக்கிளில் போன அவருடைய மகன் திரும்பவில்லை. போய்வந்த அன்று மாலை, "என்ரை பிள்ளையின்ரை ஒண்டும் அதுக்குள்ளை இல்லைத் தம்பி" என்றார். அவர் குரலில் இருந்தது ஆறுதலா, மற்றதா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. நான் "பிசாசு" பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிண்ணம் ஒன்றைத் திருப்பித் தர வந்த மாமி, மனைவி தேநீர் கொண்டுவரும்வரை கதிரையில் இருந்தார். தேநீர் முடிந்த பிறகும் இருந்தார். பேய் வருகின்ற இடங்களில் என் மகள் காதைப் பொத்தினாள். மாமி அசையவில்லை. அந்தப் பேய் வீட்டுக்குள் தன்பாட்டில் நடமாடுவதைப் பார்த்து, "பாவம், வந்து நிக்குது" என்று மட்டும் சொன்னார். பனிக்கட்டி அறைக் காட்சி வந்தது. மாமி எழுந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் பேசாமல் படலையைத் திறந்து போய்விட்டார்.

அடுத்தநாட் காலை நான் பல் துலக்கிக்கொண்டு நிற்க, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"தம்பி, கடைசியிலை அந்தப் பிள்ளையை என்ன செய்தவை? தேப்பன் எரிக்க விட்டவரோ?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயில் பற்பசை. துப்பிவிட்டு வந்து, "தெரியாது மாமி. படம் முடியமுந்திக் கரண்ட் நிண்டிட்டுது" என்றேன்.

மாமி கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரிக் கரண்ட் நிக்கேல்லைத் தம்பி. எங்கடை முன் லைற் விடியுமட்டும் எரிஞ்சது" என்றார்.